ஒரு பிடி ஜெல்லும் ஒரு ஏக்கர் நிலமும்

(கிளிநொச்சியில் கமக்காரர்களும் விவசாய மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண்ணில் இட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல்லைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஜெல் தூளை வாங்கலாமா, வாங்கினால் எங்கே போடலாம், எங்கே போட்டால் காசுக்கு நட்டம் என்ற மூன்று கேள்விகளுக்கும் இன்றைக்கு விடை சொல்ல முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெல் தண்ணீரை உண்டாக்காது. நாம் ஊற்றிய தண்ணீரில் கொஞ்சத்தை வேருக்குப் பக்கத்தில் சில நாள் நிறுத்தி வைக்கும். அந்தக் கொஞ்சத் தண்ணீரால் ஒரு கன்று பிழைக்கும் என்றால் அங்கே அது பொன். ஏக்கர் கணக்கில் பயிரைக் காப்பாற்றும் என்று அதை நம்பினால் ஏமாந்துபோவோம். ஏன் என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

வன்னிக்கு மழை குறைவு என்று சொல்வதற்கில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பெய்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிப் பெய்தால் மேட்டுநிலப் பயிர்களுக்கு அது தாராளம். ஆனால் அதில் பெரும் பகுதி ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டும் கிளிநொச்சியின் தாழ்ந்த இடங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே குளத்தின் கீழ்தான் சிறுபோகம் வந்தால் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் கூடி முடிவெடுக்கிறோம். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எழுந்த மனவருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இரண்டு பக்கமும் தாகம் உண்மையானது. ஆகவே ஒரு லீற்றரை மிச்சம் பிடிக்கும் எந்த வழியையும் நாம் அலட்சியம் செய்யக் கூடாது. மிச்சம் பிடிக்காத ஒன்றுக்குக் காசைக் கொட்டவும் கூடாது.

இனி ஜெல்லுக்கு வருகிறேன். கையில் எடுத்தால் அது வெள்ளையாக, சீனியின் பருமனில் இருக்கும் ஒரு தூள். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் ஊறிய சவ்வரிசி போலக் கண்ணாடித் தெளிவுடன் பொங்கி நிற்கும். வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொன்னால், இது குறுக்கே பிணைக்கப்பட்ட ஒரு பல்பகுதியம். நீண்ட சங்கிலிகளில் எதிர்மின்னேற்றம் கொண்ட காபொட்சிலேற்றுத் தொகுதிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றைச் சமன்செய்யச் சோடியம் அல்லது பொற்றாசியம் அயன்கள் உள்ளே இருக்கும். தண்ணீர் தொட்டதும் பிரசாரணத்தால் நீர் உள்ளே பாய்கிறது. எதிர்மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, சங்கிலிகள் விரிகின்றன. குறுக்குப் பிணைப்பு இருப்பதால் அவை கரைந்துபோகாமல் வலையாக நின்று நீரைத் தாங்குகின்றன. மண் காயும்போது வேர் உறிஞ்சினால் அந்த நீரின் பெரும் பகுதியை ஜெல் விட்டுக்கொடுக்கும். மறுபடி இறைத்தால் மறுபடி ஊறும்.

இது புதிய பொருள் அல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தில் சோள மாவை அடிப்படையாக வைத்து இத்தகைய பொருளை உருவாக்கினார்கள். பிறகு அது விவசாயத்தில் பரவியதைவிட வேகமாகக் குழந்தைகளுக்குக் கட்டும் பம்பஸுக்குள் புகுந்துவிட்டது. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. டில்லியில் பூசா என்று அழைக்கப்படும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், செலுலோஸை அடிப்படையாகக் கொண்டு பூசா ஹைட்ரோஜெல் என்ற பொருளை உருவாக்கியது. அதைத் தயாரித்து விற்கும் உரிமையை முதலில் பெற்றவர்களில் சென்னையைச் சேர்ந்த கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனமும் ஒன்று. சூடான மண்ணுக்கென்றே வடிவமைத்த பொருள் அது. 40 முதல் 50 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்திலும் நன்றாக உறிஞ்சும். தூய நீரில் தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை ஏற்கும் என்பது அதன் தரக் குறிப்பு. ஹெக்டேயருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை இடச் சொல்கிறார்கள். எங்கள் அளவில் ஏக்கருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் மரவள்ளி மாவைக் கொண்டு இத்தகைய ஜெல்லைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மரவள்ளி எங்கள் தோட்டங்களிலும் விளைகிறது என்பதால் இளம் ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4,000 லீற்றர். சோளகம் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு நீரைச் செலவழிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் செலவு 20,000 லீற்றர். இரண்டு கிலோ ஜெல் 350 மடங்கு உறிஞ்சினாலும் அது பிடிப்பது 700 லீற்றர்தான். பயிர் ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். ஒரு தரம் ஊறியதும் முடிந்துவிடுவதில்லை, ஒவ்வொரு இறைப்புக்கும் திரும்பத் திரும்ப ஊறும் என்று யாராவது சொல்வார்கள். சரி, ஒரு போகத்தில் இருபது தரம் முழுதாக ஊறினாலும் 14,000 லீற்றர். பயிரின் ஒரு நாள் தேவைக்குக் கூட அது காணாது. இறைப்பைப் பாதியாகக் குறைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

அப்படியானால் ஜெல் இட்ட நிலத்தில் விளைச்சல் கூடியது என்று வரும் அறிக்கைகள் பொய்யா? பொய் என்று நான் சொல்லவில்லை. அதே இரண்டு கிலோவை நிலம் முழுவதும் வீசாமல் விதை வரியில் மட்டும் இடுங்கள். ஒன்றரை அடி இடைவெளியில் வரி போட்டால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 9,000 மீற்றர் நீள வரி வரும். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு விதை என்றால் 90,000 விதை. தண்ணீரின் தரத்தைப் பொறுத்து ஒரு விதையின் பக்கத்தில் இரண்டு முதல் எட்டு மில்லிலீற்றர் வரை நீர் நிற்கும். வளர்ந்த செடிக்கு இது ஒரு வாய்க்கும் காணாது. முளைவிடும் கச்சானுக்கும் உழுந்துக்கும் அது பெரிய உதவி. விதைத்த கையோடு மழை ஏமாற்றினால் முளை கருகுமே, அந்த நாலைந்து நாளைக் கடக்க அது துணைநிற்கலாம். செடி எண்ணிக்கை குறையாமல் நின்றால் விளைச்சலும் நிற்கும். ஜெல்லின் நன்மை பயிரின் தொடக்கத்தில் இருக்கிறது. அதை முழுப் போகத்துக்கும் நீட்டிச் சொல்லும்போதுதான் விற்பனைப் பேச்சாகிவிடுகிறது.

அதே இரண்டு கிலோவை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். குழிக்கு இருபது கிராம் வீதம் நூறு மரக்கன்றுக் குழிகளுக்கு இடுங்கள். தண்ணீர் அவ்வளவு சுத்தமில்லை, நூறு மடங்குதான் உறிஞ்சுகிறது என்று வைத்தாலும் ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் இரண்டு லீற்றர் நீர் நிற்கும். வாளியால் ஊற்றும் தண்ணீர் மணல் வழியாகக் கீழே இறங்கித் தொலையும் இடத்தில், வேருக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கும் அந்த இரண்டு லீற்றர் கன்றின் உயிர். 2025இல் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் தொடங்கியதிலிருந்து வன்னியில் தென்னங்கன்று நடுகை கூடியிருக்கிறது. மாவும் மரமுந்திரியும் நடுகிறோம். நட்ட கன்று முதல் இரண்டு கோடையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. ஜெல்லுக்கு வன்னியில் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. நாற்றுமேடை, குழித்தட்டு, நடுவதற்கு முன் நாற்றின் வேரை ஜெல் கரைசலில் தோய்த்தெடுத்தல், இவையும் அதே வகை. கொஞ்ச இடம், கொஞ்ச நீர், பெறுமதியான செடி என்று மூன்றும் சேர்ந்த இடத்துக்கே இந்தத் தூள் ஏற்றது.

அடுத்தது தண்ணீரின் தரம். இதைத்தான் விளம்பரங்கள் மறைக்கின்றன. 350 மடங்கு, 400 மடங்கு என்ற கணக்கெல்லாம் வடித்த நீரில் எடுத்தது. உப்பு கரைந்த நீரில் பிரசாரண அழுத்தம் குறைந்து ஜெல் விரியாது. நூற்றுக்கு ஒரு பங்கு உப்புள்ள நீரில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கல்சியமும் மக்னீசியமும் இன்னும் மோசம். இரட்டை ஏற்றம் கொண்ட அந்த அயன்கள் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடுவதால், பிறகு மழைத்தண்ணீர் பட்டாலும் ஜெல் பழையபடி விரியாது. வன்னியின் பல கிணறுகளில் கேத்தில் அடியில் சுண்ணாம்பு படியும் கடின நீர்தான் கிடைக்கிறது. பூநகரிப் பக்கம் உவர் ஏறிய நிலத்தையும் கிணற்றையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அங்கே ஜெல்லுக்குக் காசு செலவழிப்பது வீண்.

இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு கண்ணாடிப் போத்தல் எடுங்கள். ஒன்றில் மழைத்தண்ணீரும் மற்றதில் உங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு லீற்றர் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் தூளைப் போட்டுக் கலக்கி, ஓரிரவு விடுங்கள். காலையில் துணியில் வடித்து ஜெல்லை நிறுத்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் ஊறிய ஜெல்லின் நிறைதான் உங்கள் காணியில் அந்தத் தூளின் பெறுமதி; மற்றதிலிருந்து அது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவை உங்கள் தண்ணீர் கெடுக்கிறது. பிறகு அதே ஜெல்லைக் காயவைத்து இன்னும் இரண்டு தரம் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து நிறுங்கள். மூன்றாம் தரத்தில் நிற்கும் கணக்கை நம்பி முடிவெடுங்கள்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. அளம்பில், முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. ஜெல்லுக்கு அது நல்ல இடம். வவுனியா, கிளிநொச்சி மேட்டுநிலங்களின் செங்கபில மண் இயல்பாகவே ஓரளவு ஈரம் பிடிக்கும். ஆனால் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். அங்கே குழியிலும் வரியிலும் பரீட்சித்துப் பார்க்கலாம். பள்ளக் காணிகளின் கனத்த களியில் ஜெல் வீண். சுற்றியுள்ள மண்ணின் அழுத்தம் அதை விரிய விடாது, களியும் தானாகவே தண்ணீரைப் பிடித்து நிற்கும். நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் அதைப் போடுவதற்குக் காரணமே இல்லை.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தூளை உலர்ந்தபடி ஒரே இடத்தில் குவியலாகப் போடாதீர்கள். ஊதிப் பெருத்துக் கன்றையே மேலே தள்ளிவிடும், வேருக்குக் காற்றும் இல்லாமல் போகும். மழைத்தண்ணீரில் ஊறவைத்து, குழி மண்ணோடும் எருவோடும் கலந்து, வேர் போகும் ஆழத்தில் இடுங்கள். மேல் மண்ணில் கிடந்தால் வெயில் அதைச் சிதைத்துவிடும். கல்சியம் சேர்ந்த பசளையை அதே இடத்தில் போடாதீர்கள். பம்பஸைப் பிரித்து அதிலிருக்கும் தூளைச் செடிக்குப் போடலாம் என்று வரும் காணொளிகளை நம்பாதீர்கள். அது சோடியம் வகை. சோடியம் சேர்ந்தால் மண் கட்டமைப்புக் கெடும். விவசாயத்துக்கென்றே செய்த பொற்றாசியம் வகையைக் கேட்டு வாங்குங்கள். தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள்.

இங்கே ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றில் பல மண்ணில் மெதுவாகத்தான் சிதைகின்றன. துண்டுதுண்டாக உடைந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பொலிஅக்ரிலமைட்டு வகையில், சங்கிலியாகச் சேராமல் எஞ்சிய அக்ரிலமைட்டு நரம்புக்கு நஞ்சு. ஆகவே அந்த எச்சம் எவ்வளவு என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய பசளைச் சட்டத்தில், மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்ட இடும் பல்பகுதியங்கள் உயிர்முறையில் சிதைய வேண்டும் என்று நிபந்தனை வைத்து, அதற்குக் காலக்கெடுவும் விதித்திருக்கிறது. அங்கே விற்க முடியாமல் போகும் சரக்கு எங்கள் கடைகளுக்கு மலிவாக வந்து சேர இடம் கொடுக்கக் கூடாது. செலுலோஸ், மாப்பொருள் அடிப்படையிலான வகைகளை நான் விரும்புவதற்கு இது காரணம். அவற்றிலும் அக்ரிலேற்றுப் பகுதி கலந்திருக்கும் என்பதால், இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடாமல் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

பெரிய அளவில் தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்றால் வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மண்ணின் சேதனப் பொருள். மினாஸ்னி, மக்பிராட்னி என்ற இரண்டு மண் அறிஞர்கள் உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் திரட்டி 2018இல் ஒரு கணக்குத் தந்தார்கள். மண்ணின் எடையில் சேதனக் காபன் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், பத்துச் சென்ரிமீற்றர் மண்ணில் பயிருக்கு எட்டும் நீர் சராசரியாக 1.16 மில்லிமீற்றர்தான் கூடுகிறது. மணலில் இதைவிட அதிகம். ஒரு அடி ஆழ மண்ணுக்குக் கணக்கிட்டால் ஏக்கருக்கு 14,000 லீற்றர். இரண்டு கிலோ ஜெல்லின் 700 லீற்றரோடு இதை ஒப்பிடுங்கள். காபனை அவ்வளவு கூட்டுவது இந்த வெப்பத்தில் பல ஆண்டு உழைப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எருவும் குழையும் இட்ட மண் தண்ணீரைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. மழையை உள்ளே இறங்கவிடும், பயிருக்கு உணவு தரும், இறுகாது. இரவில் மாட்டுப் பட்டி அடைப்பதும், கிளிசரியாவும் பூவரசும் வெட்டிக் குழை தாழ்ப்பதும் எங்கள் முன்னோர் கைக்கொண்ட வழி. அரிசி ஆலைகளில் குவியும் உமியைக் கரியாக்கி எருவோடு சேர்க்கலாம். தென்னங்குழியில் பொச்சுமட்டை புதைப்பது தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. தும்புச்சோறு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும்; உப்பு நீரில் அது ஜெல்லைப்போலச் சுருங்கிப்போவதில்லை. தென்னங்கன்றுக் குழியில் முதலில் பொச்சுமட்டையையும் எருவையும் போடுங்கள். அதன் பிறகும் கையில் காசிருந்தால் இருபது கிராம் ஜெல்லைச் சேருங்கள்.

இரண்டாவது, மூடாக்கு. கோடையில் வெறும் மண்ணிலிருந்து ஆவியாகிப்போகும் நீருக்குக் கணக்கே இல்லை. வைக்கோலையும் சருகையும் பாத்தியில் பரப்புவதற்குப் பெரிய செலவில்லை. அறுவடை முடிந்து வயலில் வைக்கோலைக் கொளுத்தும் வழக்கத்தை நாங்கள் விட்டுவிட வேண்டும். அங்கே எரிந்துபோவது அடுத்த போகத்தின் ஈரம்.

மூன்றாவது, நெல். வன்னியின் குளத்து நீரில் பெரும் பங்கு நெல்லுக்கே போகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை ஒன்று இருக்கிறது. துளையிட்ட ஓர் அடி நீளக் குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர் மட்டம் மண் மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் விட வேண்டும். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் குறையவிடக் கூடாது. இப்படி மாறி மாறி நனைத்துக் காயவிட்டால் விளைச்சல் குறையாமல் நூற்றுக்கு முப்பது பங்கு வரை நீர் மிச்சமாகும் என்று அந்த நிறுவனத்தின் அனுபவம் சொல்கிறது. சிறுபோகத்தில் ஒரு வாய்க்காலின் கீழ் உள்ள எல்லாரும் ஒன்றுபட்டு இதைச் செய்தால், மிஞ்சும் நீரில் இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு கொடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நீரை எந்தத் தூளும் தராது.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியபோது நாடு பட்ட பாட்டை நாம் எல்லாரும் அனுபவித்தோம். நல்லதோ கெட்டதோ, எதையும் பரீட்சிக்காமல் கமக்காரன் தலையில் ஏற்றக் கூடாது என்பது அன்று கற்ற பாடம். ஜெல்லுக்கும் அது பொருந்தும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அறிவியல்நகரில் எங்கள் நடுவே இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். கரையோர மணல், செங்கபில மேட்டுமண், செம்மண், உவர் ஏறிய மண் என நான்கிலும், ஒவ்வொன்றிலும் நாலு விதக் குழி வைத்துப் பாருங்கள்: ஒன்றும் இடாதது, எருவும் பொச்சுமட்டையும் மட்டும் இட்டது, ஜெல் மட்டும் இட்டது, எல்லாம் சேர்த்தது. கோடை முடிய உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி, ஊற்றிய தண்ணீரையும் செலவழித்த காசையும் எழுதி, கமநல சேவை நிலையச் சுவரில் எல்லாரும் வாசிக்க ஒட்டுங்கள். மாணவர்களே, பட்டம் பெறுவதற்கான ஆய்வை நீங்கள் எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள். அதை இந்த மண்ணுக்கு உதவும் ஆய்வாகச் செய்யுங்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு காடு மண்டிய காணிகளைத் திருத்தி, தூர்ந்த கிணறுகளை இறைத்து, இந்த மண்ணில் மறுபடி விதைத்தவர்கள் நீங்கள். உங்கள் காசில் ஒரு சதமும் உங்கள் கிணற்றில் ஒரு வாளியும் வீணாகக் கூடாது என்பதே என் அக்கறை. ஆகவே முதலில் எருவும் குழையும் மூடாக்கும், வயலில் அளந்து விடும் தண்ணீரும். அவற்றுக்குப் பிறகு, உங்கள் கிணற்று நீரில் பரீட்சித்துத் தேறிய ஜெல்லைக் கன்றுக்கும் நாற்றுக்கும் ஒரு பிடி இடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.